டாக்காவிலிருந்து வேலூரா, பாங்காக்கா?

வங்கதேசத்தில் வீட்டில் ஒருவருக்குப் பெரிய வியாதி என்றால், கொஞ்சம் வசதி இருக்கிறவர்கள் அடுத்துப் பேசுவது எந்த ஊருக்குக் கூட்டிப்போகலாம் என்றுதான். 67 நாடுகளை வைத்து 2017-ல் வந்த ஓர் ஆய்வில், அங்கே டாக்டர் ஒரு நோயாளிக்கு ஒதுக்கும் நேரம் சராசரியாக 48 விநாடி என்று இருந்தது. அதற்குள் வியாதியைச் சொல்லி முடிப்பதே கஷ்டம்.

பாங்காக் வேகமான ஊர். 1997-ல் தாய்லாந்து நாணயமான பாட் சரிந்து உள்ளூர்க்காரர்கள் கையில் பணம் வற்றியபோது, பும்ருங்ராட் போன்ற தனியார் மருத்துவமனைகள் வெளிநாட்டு நோயாளிகள் பக்கம் திரும்பின. மொழிபெயர்ப்பாளர், பேக்கேஜ் ரேட், ஸ்கேன் எல்லாம் ஒரே இடத்தில். பில்தான் கனம்.

வேலூர் சி.எம்.சி. வேறு கணக்கு. 1900-ல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய மிஷன் மருத்துவமனை அது, லாபத்துக்கு நடப்பதில்லை, கூட்டமும் அதிகம் என்பதால் ஓர் ஆளுக்கு ஆகும் செலவு இறங்குகிறது. இதய ரத்தக் குழாய் அடைப்புக்கு வைக்கிற ஸ்டென்ட்டுக்கு இந்திய அரசு 2017 பிப்ரவரியில் வைத்த விலை உச்சவரம்பின் பலன் வெளிநாட்டு நோயாளிக்கும் கிடைக்கிறது. ஆனால் காத்திருக்க வேண்டும். அப்பாயின்ட்மென்ட், டெஸ்ட், ரிசல்ட், அப்புறம் இன்னொரு டிபார்ட்மென்ட் என்று நாட்கள் ஓடும். துணைக்கு இரண்டு பேர் வரை விசா உண்டு, ஆக மூன்று பேருக்கு லாட்ஜ் வாடகை, சாப்பாடு. அதனால்தான் மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் வங்காள மொழியில் போர்டு, மீன் குழம்பு மெஸ், அறையிலேயே சமைத்துக்கொள்ள வசதி செய்து தரும் லாட்ஜ்கள். பில்லை மட்டும் ஒப்பிட்டுவிட்டுக் கிளம்புகிறவர்கள் இந்தத் தினச் செலவில்தான் திணறிப்போகிறார்கள்.

என்னைக் கேட்டால், கையில் பணம் இருந்து, ஒரே ஆபரேஷனில் முடிகிற விஷயம் என்றால் பாங்காக். புற்றுநோய், சிறுநீரகம் மாதிரி வருஷக்கணக்கில் போய்வர வேண்டியதற்கு வேலூர்தான். நடுத்தரக் குடும்பத்துக்குத் தாங்குகிற கணக்கு அதுதான், லாட்ஜ் வாடகையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஆனால் 2024 ஆகஸ்டில் ஷேக் ஹசீனா ஆட்சி கவிழ்ந்து இரு நாட்டு உறவு கசந்த பிறகு இந்தியா விசாவைச் சுருக்கிவிட்டது. மலிவான ஊர் இருந்தும் பலருக்கு உள்ளே வர வழியில்லாமல் போனது. 2025 மார்ச்சில் வங்கதேச நோயாளிகளின் முதல் குழு சீனாவின் குன்மிங்குக்குப் போனது. அங்கே மொழி பெரிய தொல்லை, கூடவே ஒரு மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் டாக்டரிடம் ஒரு வார்த்தை பேச முடியாது. பாதி கீமோவில் நிற்கிறவருக்கு ஊர் மாற்றுவது பணக் கஷ்டத்தைவிடப் பெரிய ஆபத்து, இந்தியா, வங்கதேசம் ரெண்டு அரசுகளும் தங்கள் சண்டையில் இந்த நோயாளிகளை இழுக்காமல் இருக்க வேண்டும். வேறு வழியே இல்லாமல் மாறுகிறவர்கள் டிஸ்சார்ஜ் சம்மரியோடு ஸ்கேன் சி.டி., பயாப்ஸி பிளாக் (சோதனைக்கு எடுத்துப் பதப்படுத்திய சதைத் துண்டு) எல்லாவற்றையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் புது ஊரில் எல்லா டெஸ்ட்டுக்கும் முதலிலிருந்து பணம் கட்ட வேண்டிவரும்.