பூட்டுப் போட்ட பாட்டுகளைச் சிடி வழியாக மாற்றிய அனுபவம்: 20 வருடத்துக்குப் பிறகு

அமெரிக்காவில் இருந்தபோது, 2004 முதல் 2008 வரை ஆப்பிளின் ஐடியூன்ஸ் என்ற இணையக் கடையில் 612 பாட்டுகள் வாங்கினேன். பெரும்பாலும் கர்நாடக சங்கீதக் கச்சேரிகள். ஒரு பாட்டு 99 சென்ட். எல்லாம் எம்4பி கோப்புகள், அதாவது நொடிக்கு 128 கிலோபிட் (கேபிபிஎஸ்) அளவுக்குச் சுருக்கிய ஏஏசி ஒலியும் அதன் மேல் ஃபேர்பிளே என்ற பூட்டும். ஐபாடிலும் ஐந்து கணினிகளிலும் மட்டுமே பாடும். என் காரில் இருந்த பிளேயருக்கு எம்பி3 வட்டு தெரியும், எம்4பி தெரியாது. ஸ்ரீரங்கத்தில் அம்மாவிடம் இருந்ததோ சாதாரண சிடி பிளேயர்.

பூட்டை உடைக்கும் மென்பொருள்கள் அப்போதே கிடைத்தன. நான் அந்தப் பக்கம் போகவில்லை. 1998-இல் வந்த டிஎம்சிஏ என்ற பதிப்புரிமைச் சட்டம் அங்கே அதைத் தடுக்கிறது. அதோடு, கடையே ஒரு நேர்வழியைத் திறந்து வைத்திருந்தது. வாங்கிய பாட்டுகளை ஒரு பட்டியலாக்கி ஆடியோ சிடியாக எழுதலாம், ஒரே பட்டியலை ஏழு முறை வரை. அப்படி எழுதிய சிடியில் பூட்டு கிடையாது. அதைத் திரும்பக் கணினியில் போட்டு எம்பி3 ஆக எடுத்துக்கொண்டால் எதிலும் பாடும்.

வட்டுக்கு 80 நிமிடம்தான் என்பதால் அறுபதுக்கும் மேற்பட்ட வட்டுகள் ஆயின. எழுத ஐந்து நிமிடம், திரும்ப எடுக்க இன்னொரு ஐந்தாறு நிமிடம். இரண்டு மாத வார இறுதிகள் இதிலேயே போயின. எழுதிய கணினியிலேயே வட்டைப் போட்டால் ஐடியூன்ஸ் பாட்டுப் பெயர்களை நினைவில் வைத்திருக்கும். வேறு கணினியில் போட்டதும் ‘ட்ராக் 01’, ‘ட்ராக் 02’ என்றுதான் வந்தது. ராகம் தெரிந்தவருக்கே எது எந்தக் கீர்த்தனை என்று கண்டுபிடிக்க ஒரு மாலை வேண்டும். இன்னொன்று, பாட்டுகளுக்கு நடுவே விடும் இரண்டு நொடி இடைவெளி. ராகம் தானம் பல்லவியை மூன்று துண்டாகப் பிரித்து விற்ற ஒரு தொகுப்பில், வயலின் தானத்தை வாங்கிக்கொள்ளும் இடத்தில் சட்டென்று மௌனம் விழுந்தது. அமைப்பில் போய் இடைவெளியே வேண்டாம் என்று மாற்றிய பிறகு சரியானது.

ஒலியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சிடியில் எழுதும்போது எதுவும் குறையாது. ஏஏசி கோப்பில் இருப்பது அப்படியே விரிந்து வட்டில் உட்காருகிறது. அதை மறுபடி எம்பி3 ஆகச் சுருக்கும்போதுதான் இழப்பு, ஏற்கெனவே ஒரு முறை சுருங்கிய ஒலி மேல் இரண்டாவது சுருக்கல். என் ஹார்ட் டிஸ்க் அப்போது 80 ஜிபி. இடத்தை மிச்சம் பிடிக்க முதல் நூறு பாட்டுகளை 128 கேபிபிஎஸ் எம்பி3 ஆக எடுத்தேன். காரில் வித்தியாசமே தெரியவில்லை. ஒரு நாள் இரவு நல்ல ஹெட்ஃபோனில் ஒரு தனியாவர்த்தனம் கேட்டேன். கடத்தில் விரல் விழும் ‘டக்’ என்ற கூர்மை மழுங்கிப் போயிருந்தது. அடிக்கு முன்னால் மணல் உதிர்வது போல ஒரு சலசலப்பு. தம்புராவின் ஜீவா, அந்த மினுமினுப்பு, கரகரவென்று கேட்டது. கைதட்டலில் இன்னும் மோசம். வாங்கிய மூலக் கோப்பில் இவ்வளவு இல்லை.

அந்த நூறையும் மறுபடி எடுத்தேன். இந்தத் தடவை எம்பி3 இல்லை, ஒலியை இழக்காமல் சுருக்கும் ஆப்பிள் லாஸ்லெஸ் வடிவம். ஒரு வட்டுக்கு 400 எம்பி போல ஆனது, அதற்கென்றே தனி ஹார்ட் டிஸ்க் வாங்கினேன். பின்னாளில் அவற்றை, அதேபோல இழப்பில்லாத ஃபிளாக் வடிவத்துக்கு மாற்றினேன், அதுதான் இன்று என் ஆண்ட்ராய்டு போனில் இருக்கிறது. காருக்கு வேண்டும்போது அதிலிருந்து 256 கேபிபிஎஸ் எம்பி3 எடுத்து பென் டிரைவில் போடுகிறேன். கார் மூன்று முறை மாறிவிட்டது. அந்தந்தக் காருக்காக எடுத்த எம்பி3 எதுவும் இப்போது என்னிடம் இல்லை, அதைப் பற்றிக் கவலையும் இல்லை.

இதே வேலையைச் செய்யாமல் விட்டது ஒரே இடத்தில். 2005-இல் ஒரு சின்ன இணையக் கடையில் 40 பாட்டுகள் மைக்ரோசாஃப்டின் டபிள்யூஎம்ஏ வடிவில் வாங்கியிருந்தேன். அவற்றின் உரிமம் கணினியோடு கட்டப்பட்டது. விண்டோஸை மறுபடி நிறுவினேன், உரிமம் போனது. திரும்பக் கேட்கலாம் என்றால் கடையே மூடிவிட்டது. கோப்புகள் இன்னும் பத்திரமாக இருக்கின்றன, ஒன்றும் பாடாது. வாங்கிய அன்றே வட்டுகளில் எழுதியிருந்தால் போதும். அதில் இருந்த நாகஸ்வரத் தோடி ஆலாபனையை வேறு எங்கும் இதுவரை கண்டுபிடிக்க முடியவில்லை.

2009 ஜனவரியில் ஆப்பிள் பூட்டை எடுப்பதாக அறிவித்தது, ஏப்ரலுக்குள் ஐடியூன்ஸ் கடையில் எல்லாப் பாட்டும் பூட்டில்லாமல் வந்துவிட்டது. ஏற்கெனவே வாங்கியதைப் பாட்டுக்கு 30 சென்ட் கொடுத்து, பூட்டில்லாத 256 கேபிபிஎஸ் கோப்பாக உயர்த்திக்கொள்ள அப்போது முடிந்தது. எனக்கு 380 பாட்டுகளுக்கு அப்படிக் கிடைத்தது, 114 டாலர். கடத்தின் கூர்மைக்காக அந்தப் பணம் தகும். மீதி 232 பாட்டுகளின் தொகுப்புகள் கடையில் அப்போது இல்லவே இல்லை. அவை இன்றைக்கும் என்னிடம் பாடுவது அந்தச் சிடிகளால்தான்.

இப்போதைய சந்தா ஆப்களில் பதிவிறக்கும் பாட்டைப் பற்றியும் கேட்கிறார்கள். அது வாடகை, சந்தா நின்றால் பாட்டும் நிற்கும். பிடித்த கச்சேரி என்றால் இன்றும் காசு கொடுத்து, பூட்டில்லாத கோப்பாக விற்கும் இடத்தில்தான் வாங்குகிறேன்.

அம்மாவுக்கு 2006-இல் எழுதி அனுப்பியது 11 வட்டுகள். காலை ஐந்து மணிக்கு வாசல் தெளிக்கும்போது அதில் ஒன்று ஓடும். போன வருடம் போனபோது எடுத்துப் பார்த்தேன். மேலே காகித லேபிள் ஒட்டிய மூன்று வட்டுகள் படிக்கவே இல்லை, ஓரத்தில் உரிந்திருந்தன. மார்க்கர் பேனாவால் பெயர் எழுதிய எட்டும் நன்றாக இருந்தன. அந்த மூன்றையும் ஃபிளாக்கிலிருந்து புதிதாக எழுதிக் கொடுத்தேன். பென் டிரைவ் போடும் ரேடியோவும் வாங்கி வைத்தேன். அம்மா அதைத் தொடவில்லை. “சிடியே போடு, அதுலதான் எதுக்கு அப்புறம் எது வரும்னு எனக்குத் தெரியும்” என்றார்.