மொட்டை மாடிக்கு எது: வெள்ளியா, வியாழனா?

வீட்டில் இருப்பவர்களைக் கூட்டிக்கொண்டு மாடியேறி ஒரு கோளைக் காட்ட வேண்டும் என்றால், தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் யாரும் முதலில் கை நீட்டுவது வெள்ளியை நோக்கித்தான். நியாயமும்கூட. நிலாவை விட்டால் இரவு வானத்தில் அதைவிடப் பளிச்சென்று நிலையாக நிற்பது வேறு எதுவும் இல்லை. ஆனாலும் குடும்பமாகப் பார்ப்பதற்கு என் ஓட்டு வியாழனுக்கே. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் வெள்ளிக்குச் சேர வேண்டியதைக் கொடுத்துவிடலாம். அதை யாருக்கும் தேடிக் காட்ட வேண்டியதே இல்லை. சூரியன் இறங்கி மேற்கே சிவப்பு கலையும் முன்பே தானாகக் கண்ணில் படும். கண்புரை ஆபரேஷன் செய்துகொண்ட ஆயாவுக்கும் தெரியும், இடுப்பில் இருக்கிற குழந்தைக்கும் தெரியும். வானியலில் பிரகாச எண் எவ்வளவு கீழே போகிறதோ அவ்வளவு ஒளி அதிகம். வெள்ளி -4-ஐத் தாண்டிப் போகும். வியாழன் எவ்வளவு நன்றாக இருந்தாலும் -3-ஐத் தொடாது. கருவி எதுவும் இல்லாமல் வெறும் கண்ணால் பார்க்கும் போட்டி என்றால் வெள்ளி ஜெயித்தது, பேச்சே இல்லை.

சிக்கல் நேரத்தில்தான். வெள்ளி சூரியனைவிட்டு 47 டிகிரிக்கு மேல் விலகாது. ஆறரைக்கு அஸ்தமனம் என்றால், மிக நல்ல காலத்தில் ஒன்பதரை வரை நிற்கும். மற்ற வாரங்களில் எட்டு மணிக்கே பக்கத்து வீட்டுத் தண்ணீர் டேங்குக்குப் பின்னால் போய்விடும். நம் வீடுகளில் அந்த நேரத்தில் என்ன நடக்கிறது? பிள்ளைகள் டியூஷனில். அடுப்பில் களி வெந்துகொண்டிருக்கும், கிண்டுகிறவர் கையை எடுக்க முடியாது. ஓசூர் கம்பெனி பஸ் வீட்டுக்காரரை இன்னும் இறக்கிவிட்டிருக்காது. எல்லோரும் சேர்ந்து மாடிக்கு வரும்போது மேற்கே ஒன்றும் இருக்காது. வெள்ளி ஒரு சுற்று முடித்து அதே நிலைக்குத் திரும்ப ஏறக்குறைய 584 நாள். அதில் பாதிக் காலம் விடிவெள்ளியாக இருக்கும். காலை ஐந்து மணிக்குக் கோலம் போட எழுகிறவர்களுக்கு அது சரி. பிள்ளைகளை எழுப்பிப் பார்க்கட்டும் பார்ப்போம். அதுவும் மார்கழியில், ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் பனிமூட்டம் வேறு.

கருவி வைத்துப் பார்த்தாலும் வெள்ளி அவ்வளவாக இடம் கொடுக்காது. மேலே முழுக்க அடர்ந்த மேகம். கோடோ புள்ளியோ எதுவும் தெரியாமல் வெள்ளையாகக் கண்ணைக் கூசும். அது காட்டும் ஒரே வேடிக்கை வளர்பிறை, தேய்பிறை. கலீலியோ 1610-இல் இதைப் பார்த்துத்தான் வெள்ளி சூரியனைச் சுற்றுகிறது என்று கண்டுகொண்டார். பூமிக்கு அருகே வரும் சில வாரங்களில் சாதாரண 10x50 (பத்து மடங்கு பெரிதாக்கும், 50 மி.மீ. முகப்புக் கண்ணாடி) பைனாகுலரிலேயே மெல்லிய பிறையாகத் தெரியும். நான் வாயைப் பிளந்து பார்த்தேன். வீட்டுச் சின்னது "நிலாதானே?" என்று கேட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டது.

வியாழன் நேரெதிர். வெறும் கண்ணுக்கு அது ஒரு பெரிய நட்சத்திரம், அவ்வளவுதான். ஆயா ஒரு தடவை அண்ணாந்து பார்த்துவிட்டுக் கட்டிலுக்குப் போய்விடுவார். ஆனால் பைனாகுலரை எடுத்துக் கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றிப் பார்த்தால், பக்கத்தில் ஒரே கோட்டில் சின்னச் சின்னப் புள்ளிகள். அயோ, யூரோப்பா, கனிமீடு, கலிஸ்டோ. கலீலியோ 1610 ஜனவரியில் பார்த்த அதே நான்கு நிலாக்கள். அயோ இரண்டு நாள்கூட எடுக்காமல் ஒரு சுற்றை முடித்துவிடும். யூரோப்பாவுக்கு மூன்றரை நாள், கனிமீடுக்கு ஒரு வாரத்துக்குச் சற்று மேல், கலிஸ்டோவுக்குப் பதினாறு நாளுக்கும் மேல். அதனால் நேற்றைய படம் இன்று இருக்காது.

குடும்பத்துக்கு வியாழன்தான் என்று நான் சொல்வது இதனால்தான். ஒரு கணக்கு நோட்டில் நடுவே ஒரு வட்டம், இரு பக்கமும் புள்ளி, மேலே தேதி. பிள்ளைகள் தினமும் வரையலாம். ஒரு நாள் மூன்று புள்ளிதான் இருக்கும். நாலாவது எங்கே போனது என்று வீட்டில் சண்டை வரும்: வியாழனுக்குப் பின்னாலா, முன்னாலா, அதன் நிழலுக்குள்ளா? மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். அயோ நிழலில் மறையும் நேரம் கணக்கிட்டதிலிருந்து தள்ளித் தள்ளிப் போவதை வைத்துத்தான், ஒளி பயணம் செய்ய நேரம் எடுக்கிறது என்று 1676-இல் டென்மார்க் வானியலாளர் ரோமர் சொன்னார். இப்படிப் பேச எடுத்தால் தூக்கம் வரும்வரை விஷயம் இருக்கிறது. வெள்ளியில் அதற்கு வழியில்லை, அதற்குத் துணைக்கோளே கிடையாது.

நேரமும் வியாழனுக்குச் சாதகம். சுமார் 13 மாதத்துக்கு ஒருமுறை சூரியனுக்கு நேர் எதிரே வரும். அப்போது சூரியன் மறைய, அது கிழக்கே உதிக்கும்; விடிய விடிய வானத்தில் இருக்கும். அதற்குப் பிறகும் சில மாதங்கள் சாப்பிட்டு முடித்துப் பாத்திரம் கழுவி வைத்துவிட்டு வந்தாலும் காத்திருக்கும். இந்த எதிர்நிலை ஒவ்வொரு முறையும் ஒரு மாதம்போலத் தள்ளிப் போகும். புரட்டாசி, ஐப்பசியில் விழும் ஆண்டுகளில் மழைமேகம் பாதியைத் தின்றுவிடும். இப்போது நமக்கு நல்ல காலம்: 2026-இல் ஜனவரி 10, 2027-இல் பிப்ரவரி இரண்டாம் வாரம். மழை ஓய்ந்து, வெயில் ஏறாத நாட்கள்.

எது எப்போது தெரியும் என்பதற்கு ஆப் இருக்கிறது, போனை வானத்துக்குக் காட்டினால் பெயர் சொல்லும். எனக்கு அதைவிடப் பிடித்தது பஞ்சாங்கத்தில் உள்ள ராசிக் கட்டம். ஜோதிடத்தை நம்ப வேண்டாம், கட்டத்தை நம்பலாம். கோள் வானத்தில் கிட்டத்தட்ட எந்த இடத்தில் இருக்கிறது என்பது அதில் இருக்கிறது. குருவுக்கு நேர் ஏழாம் கட்டத்தில் சூரியன் இருக்கும் தமிழ் மாதம்தான் வியாழன் இரவு முழுக்கத் தெரியும் மாதம். குரு மிதுனத்தில் என்றால் மார்கழி, கடகத்தில் என்றால் தை, சிம்மத்தில் என்றால் மாசி. சுக்கிரனோ சூரியனிடமிருந்து இரண்டு கட்டத்துக்கு மேல் விலகவே மாட்டார். சூரியனுக்கு அடுத்த கட்டங்களில் இருந்தால் சாயங்காலம், முந்தைய கட்டங்களில் இருந்தால் விடியற்காலை. ஒரே கட்டத்தில் நெருங்கி இருந்தால் அந்த மாதம் தேட வேண்டாம்.

சனியையும் செவ்வாயையும் இரண்டு வரியில் முடிக்கிறேன். சனியின் வளையத்தை முதல் தடவை பார்ப்பவர் யாரானாலும் ஒரு சத்தம் வரும், வியாழனுக்கும் அது வராது. ஆனால் டெலஸ்கோப் இல்லாமல் வளையம் இல்லை. 2025-இல் வளையம் பக்கவாட்டில் திரும்பி வெறும் கோடாகிப் போனது, இனி ஆண்டுக்கு ஆண்டு விரியும். செவ்வாய் 26 மாதத்துக்கு ஒருமுறைதான் எதிரே வரும். 2027 பிப்ரவரியில் வருவதும் தொலைவான சுற்று, சின்ன ஆரஞ்சுப் பொட்டுதான்.

அப்புறம் பைனாகுலரா, டெலஸ்கோப்பா? முதலில் பைனாகுலர். பெட்டியில் 500 மடங்கு என்று அச்சடித்த டெலஸ்கோப்பைப் பார்த்து ஏமாற வேண்டாம். முகப்புக் கண்ணாடி எத்தனை மில்லிமீட்டரோ அதன் இரண்டு மடங்குதான் உருப்படியான உருப்பெருக்கம். 70 மி.மீ. என்றால் 140, அதுவும் காற்று அமைதியாக இருந்தால். 100 மடங்கில் நடுவே நிறுத்திய கோள், பூமி சுழல்வதால், ஒரு நிமிடம்போல ஆனதும் விளிம்பைத் தாண்டிவிடும். வரிசையில் ஐந்து பேர் நின்றால் மூன்றாம் ஆள் ஸ்டாண்டை இடித்துவிடுவான். மறுபடி தேட வேண்டும். பொறுமை இருப்பவர் ஒருவராவது வீட்டில் இருந்தால், 70 மி.மீ.-இல் வியாழனின் இரண்டு மேகப் பட்டைகளும் சனியின் வளையமும் நன்றாகவே தெரியும். பைனாகுலரிலும் ஒரு தொல்லை உண்டு: இந்த ஆண்டுகளில் வியாழன் நம் ஊருக்கு ஏறக்குறைய தலைக்கு மேலே ஏறிவிடும், கழுத்து வலிக்கும். கயிற்றுக் கட்டிலில் படுத்துப் பாருங்கள். வெள்ளிக்கு வேறு எச்சரிக்கை. சூரியன் முழுதாக இறங்கும்வரை பிள்ளைகள் கையில் பைனாகுலரைக் கொடுக்கக் கூடாது.

இடம் பற்றியும் கேட்பார்கள். பால்வீதி பார்க்க வத்தல்மலை ஏறலாம், அஞ்செட்டிப் பக்கம் போகலாம். கோளுக்கு அந்த இருட்டு தேவையே இல்லை. தர்மபுரி பஸ் ஸ்டாண்டு பக்கத்து மாடியிலிருந்தும் வியாழனின் நிலாக்கள் தெரியும், தெருவிளக்கு நேராகக் கண்ணில் அடிக்காமல் இருந்தால் சரி. மாடியின் குறை வேறு: பகல் முழுக்க வெயில் வாங்கிய தளம் முன்னிரவில் சூட்டை விடும்போது, டெலஸ்கோப்பில் கோள் கொதிப்பதுபோல் ஆடும். பாறைக்குன்றுக்குச் சற்று மேலே நிற்கும் கோளும் அப்படித்தான், கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு இது தெரிந்திருக்கும். களத்து மேட்டு மண்தரை இருந்தால் அது மேல். கோடை மழை பெய்து தூசி அடங்கிய மறுநாள் இன்னும் மேல்.

மாடியைவிட்டு வெளியூர் போவதற்கு ஒரே காரணம் காவலூர் வானாய்வகம். பக்கத்துத் திருப்பத்தூர் மாவட்டத்தில், ஜவ்வாது மலையில் இருக்கிறது. 1986-இலிருந்து இயங்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கேதான். அதற்கும் முன்னால், 1972-இல், கனிமீடு ஒரு விண்மீனை மறைத்ததை அங்கிருந்த ஒரு மீட்டர் தொலைநோக்கியில் கவனித்து, அந்த நிலாவுக்கு மெல்லிய வளிமண்டலம் இருப்பதற்கான தடயத்தைக் கண்டார்கள். நோட்டில் கனிமீடு என்று புள்ளி வைத்துப் பழகிய பிள்ளைகளை அதற்குப் பிறகு கூட்டிப்போவது நல்லது, முன்னால் போனால் அது வெறும் பெரிய கட்டடம். பார்வையாளரை என்றைக்கு, எந்த நேரம் விடுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். மலைப்பாதை, ராத்திரி திரும்ப வேண்டியிருக்கும். ஓட்டத் தெரிந்தவர் இன்னொருவரும் வண்டியில் இருக்கட்டும்.