கீழ்க் கடைவாய்ப் பல்லில் வேர்க்கவட்டை திறந்துவிட்டால்: சுரங்கமா, பாதிப் பல்லா, இம்பிளான்டா?

கீழ்த்தாடையின் முதல் கடைவாய்ப் பல்லுக்கு இரண்டு வேர்கள். அவை பிரியும் கவட்டை, பல்லின் கழுத்திலிருந்து கன்னப்பக்கம் சுமார் 3 மி.மீ., நாக்குப்பக்கம் சுமார் 4 மி.மீ. கீழே இருக்கிறது. ஈறு நோயால் எலும்பு அந்த அளவு கரைந்தாலே கவட்டை வெளியே தெரிய ஆரம்பிக்கும். அதன் வாய் பெரும்பாலும் 1 மி.மீ.க்கும் குறுகலானது, சுரண்டும் க்யூரெட்டின் அலகோ 0.75 முதல் 1.1 மி.மீ. அகலம். வாய் முழுக்க ஸ்கேலிங் செய்துகொண்டாலும் அந்த ஓரிடம் மட்டும் ஆறாமல் நிற்பதற்குக் காரணம் இதுதான். அங்கே நுழையக்கூடியது மெல்லிய அல்ட்ராசானிக் முனை.

சிகிச்சையைப் பேசுவதற்கு முன் ஆழத்தை அளந்தாக வேண்டும். நேபர்ஸ் ப்ரோப் எனும் வளைந்த அளவுக்கம்பியை கவட்டைக்குள் கிடைமட்டமாக விடுவார்கள். 3 மி.மீ.க்குள் நின்றால் முதல் நிலை. அதைத் தாண்டியும் மறுபக்கம் வராவிட்டால் இரண்டாம் நிலை. மறுபக்கம் எட்டினால் மூன்றாம் நிலை. எக்ஸ்ரேயை மட்டும் நம்பக் கூடாது. நாக்குப்பக்க எலும்பு மிச்சமிருந்தால், கன்னப்பக்கத்து இழப்பை அது மறைத்துவிடும். பல் உயிரோடு இருக்கிறதா என்ற சோதனையும் கட்டாயம். பல்லுக்குள் நரம்பும் ரத்தக்குழாயும் உள்ள கூழ் அழுகினால், கூழ் அறையின் தரையிலுள்ள நுண்கால்வாய்கள் வழியே கசிந்து கவட்டையில் எலும்பைக் கரைக்கும். அப்படியானால் முதலில் ரூட் கேனால். ஈறு அறுவை தேவைப்படாமலே எலும்பு திரும்பி வரலாம்.

முதல் நிலைக்குச் சுத்தம் போதும். இரண்டாம் நிலை கீழ்ப்பல்லில், கன்னப்பக்கம் மட்டும் என்றால், சவ்வும் எலும்புத்தூளும் வைக்கும் மறுவளர்ச்சிச் சிகிச்சைக்கு நல்ல வாய்ப்பு உண்டு. பக்கத்துப் பற்களை ஒட்டிய எலும்பு கவட்டை வாயைவிட உயரமாக இருக்க வேண்டும். மூன்றாம் நிலையில் அதை எதிர்பார்ப்பது வீண். சுரங்கம், பாதிப் பல், இம்பிளான்ட் மூன்றுக்கும் உண்மையான போட்டி அங்கேதான்.

சுரங்க முறையில் ஈறைத் திறந்து, எலும்பைச் சீர்செய்து, ஈறைக் கீழே இறக்கித் தைப்பார்கள். இடைப்பல் பிரஷ் குறுக்கே போய்வரும் வழி கிடைக்கும். கூழ் உயிரோடு இருக்கும், ரூட் கேனால் வேண்டாம், செலவும் குறைவு. ஆனால் வேர்கள் நன்றாக விலகி, கவட்டை கழுத்துக்கு அருகே இருந்தால்தான் பலன். பிற்பாடு பல்லை இழக்க வைப்பது பெரும்பாலும் சுரங்கத்துக்குள் வரும் வேர்ச்சொத்தை. தினமும் பிரஷ், மூன்று மாதத்துக்கொருமுறை 5 சதவீத சோடியம் ஃப்ளூரைடு வார்னிஷ் என்று நடந்தால் அதைத் தடுக்கலாம். நம் சேலம் மாவட்டத்தின் பல பகுதிகளில் நிலத்தடி நீரிலேயே ஃப்ளூரைடு அதிகம், வார்னிஷ் எதற்கு என்று தயங்க வேண்டாம். பல்லில் ஃப்ளூரைடு கறை விழுவது பல் உருவாகும் வயதில்தான்.

பாதிப் பல் முறையில் முதலில் ரூட் கேனால், பிறகு ஃபிஷர் பர் எனும் நீளமான துளைமுனை கொண்டு பல்லை இரண்டாக வெட்டி, மோசமான வேரை எடுப்பார்கள். இரண்டும் ஓரளவு சமமாக இருந்தால் பின்வேரை வைத்துக்கொள்வதே மேல். அது நேராக, அகலமான ஒரே கால்வாயோடு இருப்பது வழக்கம். முன்வேர் வளைந்தது, உட்புறம் பள்ளமானது. வெட்டிய இடத்தில் கவட்டைக் கூரையின் ஓர் உதடு மிஞ்சினால் அதிலேயே அழுக்கு சேரும்; அன்றே எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 1981-இல் லாங்கர் குழு வெளியிட்ட பத்தாண்டு ஆய்வில், வேர் நீக்கிய 100 கடைவாய்ப் பற்களில் 38 தோற்றன. கீழ்ப்பற்களில் பெரும்பாலும் வேர் முறிவால். கேப் மேற்பரப்பைக் குறுகலாக வைப்பதும், பக்கத்துப் பல்லோடு இணைப்பதும் இதனால்தான். கொட்டைப் பாக்கு மெல்லுபவருக்கோ, தட்டுவடை செட்டை அந்தப் பக்கமே கடிப்பவருக்கோ இதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

பல்லை எடுத்து, தாடை எலும்பில் இம்பிளான்ட் எனும் செயற்கை வேர் வைப்பது பளிச்சென்ற தீர்வாகத் தோன்றும். ஆனால் ஈறு நோயால் பல் போனவருக்கு இம்பிளான்டைச் சுற்றியும் அதே நோய் வரும் ஆபத்து அதிகம். புகையும் கட்டுக்குள் வராத சர்க்கரையும் சேர்ந்தால் இன்னும் கூடும். பல் ஆடாமல், வேரில் பாதிக்கு மேல் எலும்பு இருக்கும்போது அவசரப்பட்டு எடுக்கக் கூடாது என்பதில் எங்களுக்குச் சந்தேகமில்லை.

மேல் கடைவாய்ப் பல் வேறு கதை. மூன்று வேர்கள், மூன்று வாசல்கள். முன்பக்க வாசலை அண்ணத்துப் பக்கமிருந்துதான் தொட முடியும். சுரங்கம் பெரும்பாலும் சரிப்படாது. கன்னப்பக்கத்து ஒரு வேரை மட்டும் நீக்கினால் பல ஆண்டு ஓடும். பல்லையே எடுத்துவிட்டால், மேலேயுள்ள சைனஸ் காற்றறையின் தரை இறங்கி, இம்பிளான்டுக்கு எலும்பு போதாமல், சைனஸ் தூக்கும் அறுவை வரை போகலாம்.

ஏற்காட்டு எஸ்டேட்டில் வேலை செய்பவர், 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி மூன்று மாதத்துக்கொருமுறை சேலம் வர முடியுமா என்பதை மருத்துவர் முதல் நாளே கேட்க வேண்டும். வர முடியும், பிரஷ் கை பழகிவிட்டது என்றால் சுரங்கம். வர முடியாது என்றால், ஓரளவு வலுவான பின்வேர் உள்ளவருக்குப் பாதிப் பல். அது ஒற்றை வேர்ப் பல்லைப்போல வீட்டிலேயே சுத்தம் செய்ய எளிது, சோதனையை ஆறு மாதத்துக்காவது ஒருமுறை வைத்துக்கொள்ளலாம். இரண்டு வேரும் ஆடினால் எடுத்துவிட்டு, இம்பிளான்டை ஈறு நோய் முழுதாக அடங்கிய பிறகு யோசிக்கலாம்.