ஹிஸ்டரோஸ்கோப்பி பண்ணிக்கிட்டேன், அஞ்சுக்கு நாலு ஸ்டார்

ஹிஸ்டரோஸ்கோப்பின்னா கர்ப்பப்பைக்குள்ள மெலிசா ஒரு கேமரா குழாய விட்டு பாக்கறது, உள்ள ஏதாவது வளந்திருந்தா பாத்துகிட்டே எடுக்கறது. முதல்லயே சொல்லிடறேன், வலிச்சுது. தாங்க முடியாத வலி இல்ல, ஆனா "லேசா இழுத்துப் பிடிக்கற மாதிரி இருக்கும்மா, அவ்ளோதான்"னு ஆஸ்பத்திரில சொன்னதுக்கும் அந்த டேபிள்ல எனக்கு நடந்ததுக்கும் சம்பந்தமே இல்ல, ஒரு ஸ்டார் போனது அதுக்குத்தான். மத்தபடி இத பண்ணிக்கிட்டதுக்கு நான் ஒரு நாள் கூட வருத்தப்படல. ஆஸ்பத்திரி பேரு போடல, குறையும் சேத்து சொல்லப் போறேன், அதனால வேண்டாம். டாக்டருக்கான ரிவ்யூவா எடுத்துக்காதீங்க, அந்த ட்ரீட்மெண்டுக்கான ரிவ்யூன்னு வெச்சுக்கோங்க.

எனக்கு வயசு 43. பத்து மாசமா பீரியட்ஸ் எட்டு நாள் ஒம்போது நாள்னு இழுத்துகிட்டே போச்சு, முதல் ரெண்டு நாள் ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேடு, அதுவும் கட்டி கட்டியா, முடிஞ்சுதுன்னு நெனச்சா நடு மாசத்துல மறுபடி திட்டு திட்டா படும். யார்கிட்ட சொன்னாலும் "நாப்பது தாண்டினா அப்படித்தான் இருக்கும், நிக்கப் போற நேரம்"னு ஒரே பதில், நானும் நம்பிட்டேன். படி ஏறினா மூச்சு வாங்குச்சு, அதுக்கும் வயசுதான்னு நெனச்சேன். இன்னொரு விசித்திரம், ஃப்ரிட்ஜ திறந்து ஐஸ் கட்டிய எடுத்து கடகடன்னு மென்னுகிட்டே இருப்பேன், நாளைக்கு ஒரு ட்ரே காலி ஆகும். இரும்புச் சத்து கொறஞ்சா சில பேருக்கு இப்படி ஐஸ் மேல வெறி வருமாம், அது எனக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது. டெஸ்ட் எடுத்தப்ப ஹீமோகுளோபின் 8.1. பொம்பளைங்களுக்கு 12க்கு கீழ போனாலே ரத்த சோகைன்னு கணக்கு.

முதல்ல போன எடத்துல வயித்து மேல வெச்சு ஒரு ஸ்கேன், ரிப்போர்ட்ல கர்ப்பப்பை பெருசா இருக்கு, உள்வரி தடிமன் 16 மில்லிமீட்டர், 3 சென்டிமீட்டர்ல ஒரு ஃபைப்ராய்டு, அதாவது தசைக் கட்டின்னு இருந்துச்சு. அஞ்சு நிமிஷத்துல "குழந்தைங்க எல்லாம் பெத்தாச்சுல்ல, கர்ப்பப்பைய எடுத்துடலாம், தேதி சொல்லுங்க"ன்னாங்க. எனக்கு பயத்துல ஒண்ணும் கேக்கத் தோணல, தலைய ஆட்டிட்டு வெளிய வந்துட்டேன். அக்காதான் திட்டி இன்னொரு டாக்டர்கிட்ட கூட்டிட்டு போனா.

இந்த ரெண்டாவது டாக்டர் பண்ண முதல் விஷயம், அந்த ஸ்கேன் எந்த நாள்ல எடுத்ததுன்னு கேட்டாங்க. பீரியட்ஸ் வர்றதுக்கு நாலு நாள் முன்னாடி. அப்ப எல்லாருக்குமே உள்வரி தடிச்சுத்தான் இருக்கும், அதுக்குள்ள பாலிப்னு சதை வளர்ச்சி ஏதாவது ஒளிஞ்சிருந்தா பிரிச்சு பாக்கறது கஷ்டம், பீரியட்ஸ் முடிஞ்ச உடனே எடுத்தா வரி மெலிசா இருக்கும், உள்ள எது தொங்கினாலும் தெரியும்னாங்க. அதே மாதிரி முடிஞ்ச மறுநாள் உள் ஸ்கேன், கூடவே கொஞ்சம் சலைன் (உப்புத் தண்ணி) உள்ள விட்டு பாத்தாங்க. கதை மொத்தமா மாறிடுச்சு. உள்ள 1.8 சென்டிமீட்டர்ல ஒரு பாலிப், ஃபைப்ராய்டு தனியா சுவத்துக்குள்ள, உள் அறைய தொடவே இல்ல.

இங்க ஒரு நிமிஷம் நிக்கறேன், ஏன்னா எங்க குடும்பத்துலயே இத எல்லாத்தையும் "கர்ப்பப்பைல கட்டி"ன்னு ஒரே வார்த்தைல முடிச்சிடறாங்க, சினைப்பைல வர்ற நீர்க்கட்டியையும் இதுல சேத்துக்குவாங்க. அவங்க பேப்பர்ல வரைஞ்சு காமிச்சத என் பாஷைல சொல்றேன். கர்ப்பப்பைய ஒரு ரூம்னு வெச்சுக்கோங்க, பாலிப்ங்கறது உள் பக்கம் அடிச்ச பெயிண்ட் உப்பி வந்து தொங்கற மாதிரி, அதாவது உள்வரியோட வளர்ச்சி. ஃபைப்ராய்டு சுவத்துல இருக்கற செங்கல்லே பெருத்துப் போன மாதிரி, தசைல வர்ற கட்டி. அந்த செங்கல் உள் பக்கம் துருத்திகிட்டு இருக்கா, சுவத்து நடுவுலயே இருக்கா, வெளி பக்கம் பிதுங்கி இருக்காங்கறத வெச்சு 0லேருந்து 8 வரைக்கும் நம்பர் குடுப்பாங்களாம். 0, 1, 2 எல்லாம் உள் பக்கம் துருத்தறது, அளவு சின்னதா இருந்தாலும் ரத்தப்போக்குலயும் கரு தங்கறதுலயும் அதிகமா வம்பு பண்றது அதுங்கதான். வெளி பக்கம் இருக்கறது பெருசானா யூரின் பைய அழுத்தும், அடிக்கடி பாத்ரூம் ஓடணும். என்னுது 4, நடுவுல சும்மா உக்காந்திருக்கு. "உங்க பிரச்சனைக்கு காரணம் பெரும்பாலும் பாலிப்தான், அத எடுத்துட்டு பாப்போம், ஃபைப்ராய்ட இப்ப சீண்ட வேண்டாம்"னாங்க. கர்ப்பப்பைய எடுக்கற பேச்சே வரல.

டி அண்ட் சி பண்ணா போதாதான்னு கேட்டேன், எங்க அம்மாவுக்கு அதான் பண்ணாங்க. அது கண்ண மூடிகிட்டு சுரண்டற வேலை, பாலிப் வழுக்கிகிட்டு தப்பிச்சிடும், ஹிஸ்டரோஸ்கோப்பில கேமரால பாத்துகிட்டே எடுக்கலாம்னாங்க. எனக்கு அந்த ஒரு வரி போதுமா இருந்துச்சு.

இப்ப அந்த நாள். ஒரு மணி நேரம் முன்னாடி வலி மாத்திரை போட்டுக்க சொன்னாங்க, போட்டேன். மயக்க மருந்து கெடையாது, முழிச்சுகிட்டுதான் இருந்தேன். பென்சில விட மெலிசா ஒரு குழாய், முனைல கேமரா, சலைன் உள்ள போய் கர்ப்பப்பைய கொஞ்சம் விரிக்குது. கேமரா கர்ப்பப்பை வாய தாண்டற அந்த சில செகண்ட் இருக்கே, பிரசவ வலியோட குட்டித் தங்கச்சி, கண்ல தண்ணி வந்துடுச்சு. நடுவுல தலை சுத்தி வேர்த்துப் போச்சு, நர்ஸ் சட்டுன்னு கால தூக்கி வெச்சு, நிறுத்திட்டு, நான் சரின்னு சொன்னப்புறம்தான் தொடர்ந்தாங்க, அதுக்கு அவங்களுக்கு ஃபுல் மார்க். அப்புறம் ஸ்க்ரீன்ல பாத்தேன். வெளிர் ரோஸ் கலர்ல ஒரு குகை, அதுல நாக்கு மாதிரி ஒண்ணு ஆடிகிட்டு இருக்கு. இதுதான் பத்து மாசமா என்னை ஆட்டி வெச்சுதான்னு நெனச்சா சிரிப்பும் வருது கோவமும் வருது. ஒரு குட்டி பிளேடு அத கொஞ்சம் கொஞ்சமா வெட்டி உறிஞ்சி எடுத்துச்சு, அந்த எடத்துல எனக்கு வலியே தெரியல. மொத்தம் இருபது நிமிஷம், ஒரு மணி நேரம் படுத்துட்டு வீட்டுக்கு வந்துட்டேன்.

என் கோவம் என்னன்னா, வேணும்னா மயக்கம் குடுத்தும் இத பண்ணலாம்னு எனக்கு யாரும் முன்னாடி சொல்லல. முடிச்சிட்டு கெளம்பறப்ப பக்கத்து பெட்ல இருந்தவங்க சொல்லி தெரிஞ்சுகிட்டேன். நான் ஒருவேள இதையேதான் தேர்ந்தெடுத்திருப்பேன், ஆனா அத என்கிட்ட கேட்டிருக்கணும்ல? நீங்க போனா நீங்களே வாய திறந்து கேளுங்க, கர்ப்பப்பை வாய்க்கு மரத்துப் போற ஊசி உண்டா, மயக்கம் உண்டா, நிறுத்துன்னா நிறுத்துவீங்களான்னு. சில பேருக்கு ஒண்ணுமே தெரியாம முடிஞ்சிடுதாம், பக்கத்து பெட் லேடி அப்படித்தான், ஒவ்வொருத்தர் உடம்பு ஒவ்வொரு விதம்.

ரெண்டாவது குறை, ரிப்போர்ட். எடுத்த சதைய டெஸ்டுக்கு அனுப்புவாங்க, ஒரு வாரம்னு சொல்லி பன்னெண்டு நாள் ஆக்கினாங்க. அந்த பன்னெண்டு நாள் நான் தூங்கின லட்சணம் வீட்டுக்காரர்தான் சொல்லணும். கடைசில சாதாரண பாலிப்தான், புற்று இல்ல. பீரியட்ஸ் வந்துகிட்டு இருக்கற வயசுல பாலிப்ல புற்று இருக்கறது அபூர்வம், ஆனா மாதவிடாய் மொத்தமா நின்னு போனவங்களுக்கு மறுபடி ஒரு சொட்டு பட்டாலும் அலட்சியம் பண்ணக்கூடாது, அங்க ரிஸ்க் கூடுதல். மார்பக புற்றுக்காக டமாக்சிஃபென் சாப்பிடறவங்களுக்கு பாலிப் வர்ற வாய்ப்பும் அதிகமாம். பாலிப் ஒருக்கா எடுத்தா திரும்ப வராதுன்னும் இல்ல.

இது எல்லாருக்கும் ஆகாதுங்கறதையும் சொல்லணும். எங்க அக்காவுக்கு ஃபைப்ராய்டு ஏழெட்டு, பெருசு பெருசா சுவர் பூரா, கேமரா உள்ள போய் ஒண்ணும் பண்ண முடியாது. மாத்திரை, கர்ப்பப்பைக்குள்ள வெக்கற ஹார்மோன் காயில் எல்லாம் ஒரு வருஷம் பாத்துட்டு அவளே யோசிச்சு கர்ப்பப்பைய எடுத்துகிட்டா, நிம்மதியா இருக்கா. கட்டிய மட்டும் எடுக்கறது, கட்டிக்கு போற ரத்தக் குழாய அடைக்கறதுன்னு வேற வழிகளும் அவகிட்ட சொல்லியிருந்தாங்க, கேட்டுட்டுத்தான் முடிவு பண்ணா. எடுக்கறது தப்புன்னு நான் சொல்லல, அஞ்சு நிமிஷத்துல தேதி கேக்கறதுதான் தப்பு.

இப்ப நாலு மாசம் ஆச்சு. பண்ணப்புறம் ஆறு நாள் லேசா பட்டுச்சு, அப்புறம் பீரியட்ஸ் அஞ்சு நாள்ல முடிஞ்சிடுது. இரும்பு மாத்திரை ஓடிகிட்டு இருக்கு, ஹீமோகுளோபின் 11.6, நார்மல் ஆனப்புறமும் உடம்புல சேமிப்பு ஏறணும்னு இன்னும் மூணு மாசம் சாப்பிடணுமாம். ஃபைப்ராய்டு அங்கயேதான் இருக்கு, மாதவிடாய் நின்னா அதுவே சுருங்கிடும்னாங்க, அதுவரைக்கும் அப்பப்ப ஸ்கேன். கைப்பைல இன்னும் ஒரு செட் ட்ரெஸ் வெச்சுகிட்டுத்தான் வெளிய போறேன், அந்த பயம் மட்டும் போகல. ஆனா ஐஸ் மெல்லறது மாத்திரை ஆரம்பிச்ச கொஞ்ச நாள்லயே தானா நின்னு போச்சு, ட்ரே அப்படியே முழுசா கெடக்கு.