லேப்டாப் ஸ்லோன்னு கடைக்கு தூக்கிட்டு ஓடாதீங்க, நான் ஓடித்தான் 4,800 ரூபா தொலைச்சேன்

கடை பேரு போடல, யாரும் கேக்காதீங்க. ஈரோடு, பஸ் ஸ்டாண்டு பக்கம், அவ்ளோதான். அந்த மாதிரி கடை எல்லா ஊர்லயும் இருக்கும்ங்கறதாலதான் எழுதறேன்.

நான் ஒரு நூல் கம்பெனில அக்கவுண்ட்ஸ் பாக்கறேன். 2019ல வாங்குன லேப்டாப், ஐ3 ஏழாவது ஜெனரேஷன், 1 டிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10 ஹோம். வாங்கறப்ப ரேம் 4 ஜிபிதான், 2021 லாக்டவுன்ல வீட்ல இருந்து வேலைன்னதும் இன்னொரு 4 ஜிபி போட்டு 8 ஆக்கினேன், இந்த ரேம் விஷயத்த ஞாபகம் வச்சுக்கங்க பின்னாடி வரும். ஒரு வருஷமாவே ரொம்ப ஸ்லோ. காலைல பட்டன அமுக்கிட்டு போய் குளிச்சு சாமி கும்பிட்டு வந்தாலும் அந்த வட்டம் சுத்திட்டே இருக்கும், எப்டியும் ஏழு நிமிஷம் ஆகும், அப்புறம் கணக்கெழுதற டேலி சாஃப்ட்வேர தொறக்க தனியா ரெண்டு நிமிஷம்.

போன நவம்பர் 17, திங்கக்கிழமை. 20ம் தேதிக்குள்ள ஜிஎஸ்டிஆர் 3பிங்கற ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடணும், அன்னிக்குன்னு பாத்து சுத்தமா நின்னுபோற மாதிரி ஆகிருச்சு. அக்கா பையன் கோயமுத்தூர்ல இன்ஜினியரிங் ரெண்டாவது வருஷம், அவனுக்கு போன் பண்ணா "மாமா எனக்கு எக்ஸாம் போய்ட்டிருக்கு, கண்ட்ரோல் ஷிஃப்ட் எஸ்கேப் மூணையும் ஒண்ணா அமுக்குங்க, டாஸ்க் மேனேஜர் வரும், ஸ்டார்ட்அப்னு ஒரு டேப் இருக்கும், பெர்ஃபார்மன்ஸ்னு ஒண்ணு இருக்கும், ரெண்டையும் போட்டோ எடுத்து அனுப்புங்க, நைட் பாத்து சொல்றேன்"னான். போன்லயே போட்டோ எடுத்து அனுப்பினேன். நைட் வரைக்கும் பொறுக்க முடியாம சாயங்காலமே கடைக்கு தூக்கிட்டு போய்ட்டேன். இந்த அவசரந்தான் 4,800 ரூபா.

கடைல ஒரு தம்பி, ரொம்ப மரியாதையான பையன், வாங்கண்ணா உக்காருங்ணான்னு டீயெல்லாம் சொன்னான். ஆன் பண்ணி பாத்துட்டு "இது மதர்போர்டு வரைக்கும் வைரஸ் ஏறிருக்குங்ணா"ன்னான். எனக்கு பக்குனு ஆயிருச்சு. "அதுவுமில்லாம விண்டோஸ் 10 செத்துப்போச்சுங்ணா, அக்டோபரோட மைக்ரோசாஃப்ட் மூடிட்டான், அதான் ஸ்லோ. பதினொண்ணு போட்டு ஸ்பீடு பண்ணி ரெண்டு நாள்ல குடுத்தர்றேங்ணா." டேலி டேட்டா இருக்கு, டிஎஸ்சி டோக்கனுக்கு (டிஜிட்டல் கையெழுத்து இருக்கற பென்டிரைவ் மாதிரி ஒண்ணு) உண்டான சாஃப்ட்வேர் எல்லாம் இருக்கு தம்பின்னு சொன்னேன். "எல்லாம் எங்க சிஸ்டத்துல பேக்கப் எடுத்துக்கறோம், பாஸ்வேர்ட மட்டும் எழுதி குடுத்துட்டு போங்க." எழுதி குடுத்தேன். கம்பெனியோட மொத்த வரவு செலவும் உள்ள இருக்கற மெஷினோட பாஸ்வேர்ட ஒரு துண்டு சீட்டுல எழுதி குடுத்துட்டு வந்தவன் நான்.

நைட் பதினோரு மணிக்கு மருமகன்ட்ட இருந்து மெசேஜ். "மாமா 19 புரோக்ராம் ஆன் பண்றப்பவே கூட சேந்து தொறக்குது, அதுல ஒரு 13 டிசேபிள் பண்ணா போதும், கடைக்கெல்லாம் போக வேண்டாம்." லேப்டாப் அந்நேரம் கடை டேபிள்ல மல்லாந்து கெடக்குது.

19ம் தேதி சாயங்காலம் போனேன். ஃபார்மட் 800, விண்டோஸ் 11 ப்ரோ 'ஒரிஜினல்' 1,800, ஆன்ட்டிவைரஸ் 700, ஸ்பீடு பூஸ்டர் சாஃப்ட்வேர் 600, ரேம் கிளீனிங் 400, சர்வீஸ் சார்ஜ் 500. மொத்தம் 4,800. விசிட்டிங் கார்டு பின்னாடி பேனால எழுதி குடுத்தான், பணம் அந்தப் பையனோட சொந்த நம்பருக்கு ஜிபே. ஆபீஸ்ல யாராச்சும் பில் இல்லாம வவுச்சர் கொண்டாந்தா மூஞ்சில அடிச்ச மாதிரி திருப்பி அனுப்பற ஆளு நானு. என் பணம்னு வந்தப்ப பில் குடு தம்பின்னு ஒரு வார்த்த வாய்ல வரல.

ஆனா உண்மைய சொல்லணும், வீட்டுக்கு வந்து ஆன் பண்ணா நல்லா வேகமாத்தான் வந்துச்சு. புதுசா ஃபார்மட் பண்ண எந்த மெஷினும் நாலு நாளைக்கு அப்டித்தான் இருக்கும்னு எனக்கு அப்ப தெரியாது. ரிட்டர்னும் போட்டுட்டேன், பரவால்ல பையன் வேலக்காரன்தான்னு வீட்ல பெருமையா வேற சொன்னேன்.

அஞ்சாவது நாள் ஆரம்பிச்சுது. ஆன் பண்ணா பூஸ்டர் தானா தொறக்கும், ஸ்கேன் ஓடும், செவப்பு கலர்ல '1,312 பிரச்சனைகள்'னு காட்டும். சரி பண்ணுன்னு அமுக்குனா ப்ரோ வெர்ஷன் வாங்குன்னு கேக்கும். 600 ரூபா குடுத்தேனே அது எதுக்குன்னு போன் பண்ணா "அது பேசிக்குங்ணா". அதுக்கு மேல ஆன்ட்டிவைரஸ்காரன் ஒரு பக்கம் பாப்அப் போடறான். டிசம்பர் கடைசில பழைய ஏழு நிமிஷம் ஒம்போது நிமிஷம் ஆகிருச்சு.

பொங்கல் லீவுக்கு மருமகன் வந்தான். கரும்பு கடிச்சுட்டே டாஸ்க் மேனேஜர தொறந்தவன் கடிக்கறத நிறுத்திட்டான். "மாமா ரேம் எவ்ளோ போட்டிருந்தீங்க?" எட்டுன்னேன். "இங்க நாலுதான் இருக்கு." பெர்ஃபார்மன்ஸ் டேப்ல மெமரிய அமுக்குனா வலது பக்கம் கீழ ஸ்லாட்ஸ் யூஸ்டுன்னு ஒரு வரி இருக்குது, அதுல 1 ஆஃப் 2ன்னு போட்டிருக்கு. நவம்பர்ல நான் அனுப்புன போட்டோவ அவன் போன்ல தேடி எடுத்தான், அதுல 2 ஆஃப் 2, 8.0 ஜிபின்னு தெளிவா இருக்கு. ரேம் கிளீனிங் 400 ரூபான்னு போட்டானே, நெஜமாவே கிளீன் பண்ணிட்டான்! போன வருஷக் கடைசில ரேம் விலை ஏறுன ஏத்தத்துக்கு பழைய 4 ஜிபிக்கும் மவுசு இருந்திருக்கும் போல.

அடுத்து அந்த 'ஒரிஜினல்' விண்டோஸ். விண்டோஸ் பட்டனோட ஆர் அமுக்கி, வர்ற பெட்டில எஸ்எல்எம்ஜிஆர்னு அடிச்சு ஒரு ஸ்பேஸ் விட்டு ஸ்லாஷ் எக்ஸ்பிஆர் அடிச்சான். நெஜமாவே ஒரிஜினல்னா நிரந்தரமா ஆக்டிவேட் ஆயிருக்குன்னு வரணுமாம், எனக்கு காலாவதி தேதி ஒண்ணு வந்துச்சு. பெரிய கம்பெனி, காலேஜ்ல நூத்துக்கணக்கான மெஷினுக்கு போடற முறை அது, 180 நாளைக்குள்ள அவங்களோட சர்வர்ட்ட புதுப்பிச்சுக்கணும். நம்ம மெஷின்ல அந்த சர்வர் மாதிரி நடிக்கற திருட்டு புரோக்ராம் ஒண்ண போட்டு விட்டிருக்கான், அது பின்னாடி ஓடிட்டே இருக்கு, அத பிடிச்சிரக்கூடாதுன்னு விண்டோஸோட சொந்த டிஃபெண்டர்ல எக்ஸ்க்ளூஷன்னு சி டிரைவ் முழுசையும் 'இங்க பாக்காத'ன்னு எழுதி வச்சிருக்கான். காவக்காரனுக்கு கண்ண கட்டி விட்ட மாதிரி. இதுல விண்டோஸ் 11 போட இன்டெல்ல எட்டாவது ஜெனரேஷனாச்சும் வேணும்னு மைக்ரோசாஃப்டே சொல்லிருக்கு, என்னது ஏழு. செக்கிங்க ஏமாத்தித்தான் உள்ள ஏத்திருக்கான்.

எனக்கு தூக்கம் போனது இதுக்கெல்லாம் இல்ல. ஸ்டார்ட்அப் லிஸ்ட்ல ஒரு ரிமோட் சாஃப்ட்வேர் இருந்துச்சு. ஆன் ஆகறப்பவே தானா ஓடும், நாம அனுமதி குடுக்காமலே பாஸ்வேர்ட் போட்டு வெளில இருந்து உள்ள வர்ற மாதிரி செட் பண்ணிருக்கு. ரெண்டு மாசமா நான் அதுலதான் கம்பெனி நெட் பேங்கிங் தொறந்திருக்கேன், ஜிஎஸ்டி போட்டிருக்கேன், டிஎஸ்சி டோக்கன சொருகியே வச்சிருக்கேன். யாராச்சும் உள்ள வந்தாங்களா இல்லையான்னு எனக்கு இன்னைக்கும் தெரியாது. அன்னிக்கு நைட்டே என் போன்ல இருந்து எல்லா பாஸ்வேர்டும் மாத்தினோம், மறுநாள் ஓனர்ட்ட போய் நின்னு சொன்னேன். அவரு என்ன சொன்னார்னு இங்க எழுத வேண்டாம்.

பொங்கல் அன்னிக்கு பூரா அவன் ஒக்காந்து எல்லாத்தையும் அழிச்சுட்டு பழையபடி விண்டோஸ் 10 ஹோம் போட்டான். மைக்ரோசாஃப்ட் சைட்ல இருந்தே இலவசமா எறக்கலாம், ஒரு பென்டிரைவ் போதும். லேப்டாப்போட வந்த விண்டோஸ்னா அதோட லைசென்ஸ் கீ மதர்போர்டுக்குள்ளயே பதிஞ்சிருக்குமாம், அதே ஹோம் எடிஷன போட்டு நெட்ட குடுத்தா தானா ஆக்டிவேட் ஆகிருது. அப்ப அந்த 1,800 எதுக்கு? விண்டோஸ் 10க்கு சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சது நெசந்தான், ஆனா முடிஞ்சா செக்யூரிட்டி அப்டேட் நிக்கும், அதுக்காக மெஷின் மெதுவாகாது. அந்த அப்டேட்டையும் ஒரு வருஷம், 2026 அக்டோபர் வரைக்கும், நீட்டிச்சுக்க வழி குடுத்திருக்கான், செட்டிங்ஸ்ல விண்டோஸ் அப்டேட்ல போய் பதிஞ்சோம்.

அப்புறம் எனக்கு வேண்டியத எல்லாம் திரும்ப ஏத்திட்டு, ஸ்டார்ட்அப் டேப்ல என் கையாலயே ஒவ்வொண்ணா டிசேபிள் பண்ண வச்சான். நாம எந்த சாஃப்ட்வேர் போட்டாலும் கேக்காமலே அது இந்த லிஸ்ட்ல ஏறி ஒக்காந்துக்குது. நவம்பர் போட்டோல பாத்தா ரெண்டு மீட்டிங் ஆப், பாட்டு ஆப், வாட்ஸ்ஆப், பிடிஎஃப்புக்கு ஒரு அப்டேட்டர், எப்பவோ தூக்கிப் போட்ட பிரிண்டரோட உதவியாளர், லேப்டாப் வாங்கறப்ப கூட வந்து 2020லயே காலாவதியான ஆன்ட்டிவைரஸ், எல்லாம் ஆன் பண்ண அந்த நிமிஷமே ஒரே ஹார்ட் டிஸ்க்க போட்டு இழுத்திருக்கு. கல்யாணப் பந்தில ஒரே ஆளு பரிமாற பத்தொம்பது பேரு ஒரே நேரத்துல எல நீட்டுன மாதிரி. பக்கத்துலயே ஸ்டார்ட்அப் இம்பாக்ட்னு ஒரு வரிசை இருக்குது. ஆன் ஆகறப்ப 3 எம்பிக்கு மேல டிஸ்க்க படிச்சாலோ, இல்ல ஒரு செகண்டுக்கு மேல சிபியுவ எடுத்துக்கிட்டாலோ ஹைன்னு போட்டிரும். ஹைல இருந்து ஆரம்பிங்க. டிசேபிள்னா அழிஞ்சு போறதில்ல, தானா தொறக்காது, வேணும்னா நாம தொறந்துக்கலாம், தப்பா பண்ணிட்டா அதே எடத்துல எனேபிள்.

எல்லாத்தையும் கண்ண மூடிட்டு ஆஃப் பண்ணிராதீங்க. சவுண்டு, டச்பேட், டிஸ்ப்ளே சம்பந்தப்பட்டது, விண்டோஸ் செக்யூரிட்டி, இதெல்லாம் அப்டியே இருக்கட்டும். எங்களமாதிரி பிரைவேட் லிமிடெட்டுக்கு டிஎஸ்சி வச்சு கையெழுத்து போடறவங்க டோக்கனோட சாஃப்ட்வேரயும், ஜிஎஸ்டி சைட்ல கையெழுத்து போட உதவற எம்சைனர் புரோக்ராமயும் விட்டுருங்க, நான் ஆர்வக் கோளாறுல அதையும் ஆஃப் பண்ணிட்டு 20ம் தேதி கையெழுத்து விழுகலன்னு அரை மணி நேரம் முழிச்சேன். விண்டோஸ் பட்டனோட ஆர் அமுக்கி எம்எஸ்கான்ஃபிக்னு அடிச்சா வர்ற பெட்டில சர்வீசஸ்ல கை வெக்கறதா இருந்தா மொதல்ல 'ஹைட் ஆல் மைக்ரோசாஃப்ட் சர்வீசஸ்' டிக் பண்ணிட்டு அப்புறம் பாருங்க. குரோம் மூடுனதுக்கப்பறமும் பின்னாடி ஓடும், அதோட செட்டிங்ஸ்ல சிஸ்டம்ங்கற எடத்துல ஒரு சுவிட்ச் இருக்கு, ஆஃப் பண்ணுங்க. இன்னொண்ணு, ஷட்டவுன் பண்ணா முழுசா அணைஞ்சிருச்சுன்னு நெனச்சுட்டிருந்தேன், ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆன்ல இருந்தா பாதிதான் அணையுமாம், நவம்பர் போட்டோல சிபியு பக்கம் அப்டைம் 41 நாள்னு இருந்துச்சு, தெனமும் ஷட்டவுன் பண்ணியும்! வாரம் ஒருக்கா ரீஸ்டார்ட் குடுங்க.

ஒம்போது நிமிஷம் ரெண்டரை ஆச்சு, பத்து பைசா செலவில்லாம. இதுக்கு மேல வேகம் வேணும்னா ஹார்ட் டிஸ்க்க எடுத்துட்டு எஸ்எஸ்டி (சுத்தாத, சிப்புல வேல செய்யற டிஸ்க்) போடணும், அந்த பழைய சுத்தற டிஸ்க்குதான் மெயின் முட்டுக்கட்டன்னு மருமகன் சொன்னான். நல்ல கடக்காரனா இருந்தா மொத நாளே இதத்தான சொல்லிருப்பான், அவனுக்கும் அதுல நியாயமான காசு கெடச்சிருக்கும்.

சரி கடைக்கு போனோமான்னா, போனோம். மொதல்ல "உங்களுது நாலு ஜிபிதானுங்ணா, நல்லா யோசிங்க"ன்னான். போட்டோவ காட்டினேன், தேதியோட. 2021ல ரேம் வாங்குன பில்லு (அது மட்டும் ஃபைல்ல இருந்துச்சு) காட்டினேன். 1915க்கு அடிச்சு நுகர்வோர் புகார் குடுக்கப் போறேன், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல அஞ்சு லட்சம் வரைக்கும் கேஸ் போட ஃபீஸே இல்ல தெரியுமான்னேன். உள்ள போனான், அஞ்சு நிமிஷத்துல ஒரு ரேம கொண்டாந்தான், "பசங்க மாத்தி வச்சிருக்காங்ணா". 4,800ல 1,500 மட்டும் திரும்ப வந்துச்சு, மீதிக்கு பில் காட்டுங்கன்னான். பில் எங்க இருக்கு, விசிட்டிங் கார்டு பின்னாடி இருக்கு. ஜிபே ஹிஸ்டரியும் அந்த கார்டும் போதுமான்னு ஒரு வக்கீல் நண்பர்ட்ட கேட்டிருக்கேன், பாத்து சொல்றேன்னிருக்கார்.

என் டேலி டேட்டாவ அவங்க சிஸ்டத்துல பேக்கப் எடுத்தாங்களே, அத என் கண் முன்னாடி அழின்னு நின்னு அழிக்க வச்சுட்டு வந்தேன். வேற எங்கயாச்சும் காப்பி இருக்கான்னு அவனுக்கும் அந்த சாமிக்கும்தான் தெரியும். நேத்து அதே நம்பர்ல இருந்து வாட்ஸ்ஆப்ல ஆஃபர் வந்திருக்கு, ஸ்லோ லேப்டாப்பா, ஸ்பீடப் 499 மட்டும்னு.