சாய்தளம் முடியும் இடத்தில் ஒரு கதவு

ஆண்டுக்கணக்கில் சக்கர நாற்காலியில் போய் வருகிறேன். எந்தக் கட்டடமானாலும், சாய்தளம் இருக்கிறதா என்பதைவிட அது எங்கே போய் முடிகிறது என்பதைத்தான் முதலில் கவனிப்பேன்.

பல நாடுகளின் விதிகள் 1:12 சரிவை ஏற்கின்றன. அதாவது, ஓரடி உயரம் ஏற 12 அடி நீளம். அது உச்ச வரம்பு. கட்டுகிறவர்களோ அதையே இலக்காக்கிக்கொள்கிறார்கள். தள்ள ஆளில்லாமல் சொந்தக் கைபலத்தில் ஏறுகிறவருக்கு அதில் மூச்சு வாங்கும். 1:20 என்றால் பேசிக்கொண்டே ஏறலாம். சரி, ஏறியாயிற்று. மேலே சமதளம் குறுகல். கதவோ நம்மை நோக்கித் திறப்பது. ஒரு கையால் கதவை இழுக்க வேண்டும், மறு கையால் சக்கரத்தைப் பிடித்திருக்க வேண்டும், கதவுக்கு இடம்விட்டுப் பின்னாலும் நகர வேண்டும். பின்னால் சரிவு. பிரேக் போட்டால் நகர முடியாது. போடாவிட்டால் நாற்காலி உருளும். சரிவின் கணக்கு மட்டும் காகிதத்தில் சரியாகவே இருக்கும்! வழுவழுப்பான கல் பதித்த சாய்தளம் என்றால், மழைநாளில் அந்தப் பக்கமே போவதில்லை.

கதவில் உருண்டைக் குமிழைவிட, கீழே அழுத்தும் நீள் கைப்பிடி நல்லது; முழங்கையாலேயே திறக்கலாம். ஆனால் அதன் நுனி நேராக நீட்டிக்கொண்டிருந்தால் சட்டைக் கையிலும் பைப் பட்டையிலும் மாட்டும். நுனி கதவுப் பக்கம் வளைந்த வகையை வாங்குங்கள்.

கழிவறைப் பிடிகம்பிகள் புதிதில் எல்லாமே உறுதிதான். சுவருக்குள் பலமான பிடிமானம் இல்லாமல் திருகியவை நாளடைவில் ஆடத் தொடங்கும். உலுக்கிப் பார்க்காமல் எந்தக் கம்பியிலும் என் எடையைப் போடுவதில்லை. அவசர அழைப்புக் கயிறு தரைவரை தொங்க வேண்டும், விழுந்து கிடப்பவருக்கு எட்டுவதற்காக. துடைக்க இடைஞ்சல் என்று யாரோ அதைச் சுருட்டி மேலே கட்டிவிடுகிறார்கள். அங்கேயே வாளியும் துடைப்பமும் குடியிருக்கும்.

குறை சொல்ல முடியாத பொருள் ஒன்றும் என்னிடம் இருக்கிறது: ஆக்ஸோ நிறுவனத்தின் குட் கிரிப்ஸ் காய்கறித் தோல் சீவி. மூட்டுவாதத்தால் அவதிப்பட்ட மனைவியின் சிரமத்தைப் பார்த்து அந்நிறுவனத்தைத் தொடங்கிய சாம் ஃபார்பர் யோசித்தது. 1990இல் விற்பனைக்கு வந்தது. நாளெல்லாம் சக்கரம் தள்ளிய உள்ளங்கைக்கு அதன் தடித்த, மெத்தென்ற பிடி இதம். ஈரக் கையிலும் வழுக்காது. கைவலியே இல்லாதவர்களும் வீட்டில் அதைத்தான் எடுக்கிறார்கள். எனக்கு வேண்டும்போது கிடைப்பதில்லை.