புற்றுநோயாளிகளுக்கான தன்னார்வ வாகனச் சேவை: ஓட்டுநரின் பார்வையில் ஒரு மதிப்புரை

புற்றுநோயாளிகளை வீட்டிலிருந்து மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, சிகிச்சை முடிந்ததும் திரும்பக் கொண்டுவந்து விடும் சேவை ஒன்றில் சொந்தக் காருடன் தன்னார்வ ஓட்டுநராக இருந்து வருகிறேன். அமெரிக்கப் புற்றுநோய்க் கழகம் ‘ரோடு டு ரெக்கவரி’ என்ற பெயரில் நடத்தும் திட்டத்தைப் போன்றதுதான் இதுவும்: ஓட்டுபவருக்கு ஊதியம் இல்லை, நோயாளியிடம் கட்டணம் வாங்குவதில்லை, வண்டி ஓட்டுபவருடையது. இதில் சேர நினைப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று, இச்சேவையில் எது நன்றாக இருக்கிறது, எது திருந்த வேண்டும் என்பதை எழுதுகிறேன்.

சேவையின் தேவை குறித்து எனக்குச் சிறிதும் ஐயமில்லை. கதிர்வீச்சுச் சிகிச்சை பெறுபவர்களில் பலர் வாரத்துக்கு 5 நாட்கள் வீதம் பல வாரங்கள் தொடர்ந்து செல்ல வேண்டியிருக்கிறது. இயந்திரத்தின் கீழ்ப் படுத்திருப்பது சில நிமிடங்கள்தான் என்றாலும், போய்வருவதற்கு அரை நாள் ஆகிவிடும். முதல் வாரம் விடுப்பு எடுத்து உடன் வரும் மகனாலோ மகளாலோ கடைசி வாரம் வரை அப்படி வர முடிவதில்லை. நோயாளியின் உடல் மிகவும் களைத்துப்போவதும் அந்தக் கடைசி வாரங்களில்தான். இடையில் நாட்கள் விடுபடுவது சிறிய விஷயமும் அல்ல. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான கதிர்வீச்சு முழுவதையும் 8 வாரங்களுக்குள் முடிக்க வேண்டும் என்று மருத்துவர்கள் வலியுறுத்துவதற்குக் காரணம், சிகிச்சை நீள நீள நோய் கட்டுப்படும் வாய்ப்பு குறைவதே. ஆகவே நேரத்துக்கு வந்து நிற்கும் வண்டியைச் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே நான் கருதுகிறேன்.

சேரும் முறை ஒழுங்காக இருந்தது. ஓட்டுநர் உரிமம், வாகனக் காப்பீடு, முந்தைய விபத்து விவரங்கள், பின்னணிச் சரிபார்ப்பு ஆகியவை முடிந்த பிறகு ஒரு குறுகிய பயிற்சி தந்தார்கள். நோயைப் பற்றி நாமாகக் கேட்கக் கூடாது, மருத்துவ ஆலோசனை சொல்லக் கூடாது, தாமாக எழுந்து நடக்க முடியாதவர்களைத் தூக்கி ஏற்ற முயலக் கூடாது என்பவற்றைத் தெளிவாகச் சொன்னார்கள். இவை மூன்றும் சரியான விதிகள்.

ஆனால் வண்டிக்குள் நோயாளியின் உடலுக்கு என்ன நேர்கிறது என்பதைப் பயிற்சி அநேகமாகத் தொடவே இல்லை. கீமோதெரபி பெறுபவர்களில் பலருக்கு வாசனையே குமட்டலைக் கிளப்பிவிடும் என்பதால், காரில் தொங்கும் நறுமணப் பொருளை முதல் நாளே எடுத்துவிட வேண்டும். ஆக்ஸாலிபிளாட்டின் என்ற மருந்து ஏறியவர்களுக்குச் சில நாட்கள் குளிர்ந்த காற்று பட்டாலே விரல்களிலும் தொண்டையிலும் கூச்சமும் வலியும் உண்டாகும். அவர்கள் ஏறுவதற்கு முன் ஏசியை நிறுத்தி வைப்பது பெரிய உதவி. மருந்து ஏற்றுவதற்காகக் காறையெலும்புக்குக் கீழே தோலுக்கடியில் ‘போர்ட்’ பொருத்தப்பட்டவர்களுக்கு சீட் பெல்ட் சரியாக அந்த இடத்திலேயே அழுத்துவதுண்டு. பெல்ட்டைக் கழற்றச் சொல்லக் கூடாது, இடையில் வைக்க ஒரு மென்மையான சிறு திண்டு போதும். இடுப்புப் பகுதியில் கதிர்வீச்சு பெறுபவர்கள் பலரைத் தண்ணீர் குடித்துச் சிறுநீர்ப்பையை நிறைத்துக்கொண்டு வரச் சொல்வார்கள். நாம் தாமதமாக்கினால் அந்த வேதனை முழுவதையும் அவர் நம் பக்கத்து இருக்கையில் அமர்ந்து தாங்க வேண்டும். சளி, இருமல் இருக்கும் நாளில் ஓட்ட வர முடியாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது இங்கே கடமை, ஏனென்றால் வெள்ளையணுக்கள் குறைந்திருக்கும் ஒருவருக்கு நம் சாதாரணச் சளியே ஆபத்தாக முடியலாம். இவ்வளவையும் நான் நோயாளிகளிடமிருந்தும் செவிலியர்களிடமிருந்தும்தான் தெரிந்துகொண்டேன். ஒரே பக்கத்தில் அச்சிட்டுத் தரக்கூடிய செய்திகள் இவை, இன்றுவரை தரப்படவில்லை.

என்னுடைய பெரிய குறை திரும்பும் பயணத்தைப் பற்றியது. அழைத்துச் செல்லும் நேரம் குறித்த நேரம்; அதை எந்த ஒருங்கிணைப்பாளரும் சரியாகத் திட்டமிட்டுவிடலாம். கீமோ நாளில் முடியும் நேரத்தை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. முதலில் ரத்தப் பரிசோதனை. ரத்த அணுக்களின் எண்ணிக்கை போதாது என்றால் அன்றைய மருந்தையே தள்ளிவைத்து, ஏமாற்றத்தோடு உடனே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மருந்து கலந்து வரத் தாமதமானாலோ, ஏற்றும்போது ஒவ்வாமை வந்து நிறுத்தி மெதுவாகத் தொடர்ந்தாலோ மாலையாகிவிடும். இந்தச் சேவையின் முன்பதிவுச் செயலியோ திரும்பும் நேரத்தையும் முன்கூட்டியே குறிக்கச் சொல்கிறது. அந்த நேரம் தவறினால் அந்தப் பயணம் வேறொரு ஓட்டுநரின் பட்டியலுக்குப் போய்விடுகிறது. ஒவ்வாமையைத் தடுக்கக் கொடுத்த மருந்தின் மயக்கத்தில், அறிமுகமில்லாத ஒருவரின் வண்டியைத் தேடிக்கொண்டு நோயாளி வாசலில் நிற்க நேர்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அழைத்து வந்தவரே காத்திருப்பார், அல்லது நோயாளிக்கு முன்பே அறிமுகமான இன்னொருவர் வருவார் என்று விதி வைப்பது கடினமல்ல. ஒரு நோயாளிக்கு மூன்று நான்கு ஓட்டுநர்கள் கொண்ட சிறு குழுவைச் சிகிச்சை முடியும் வரை ஒதுக்கிவிட்டால் போதும். சில ஒருங்கிணைப்பாளர்கள் தாங்களாகவே இப்படிச் செய்கிறார்கள், அவர்களின் கீழ் இந்தச் சேவை மிகச் சிறப்பாக நடக்கிறது. அவர்கள் அழைக்கும்போது நான் மறுப்பதே இல்லை.

நேரம் தவறாதவர்களுக்கும், கேட்கப்படாதபோது பேசாமல் இருக்கத் தெரிந்தவர்களுக்கும் இந்தப் பணி பொருந்தும். நோயாளிகளில் சிலர் வழியெல்லாம் பேசுவார்கள். சிலர் கண்ணை மூடிக்கொள்வார்கள். இரண்டுக்கும் இடம் கொடுக்க வேண்டும். பதிவு செய்வதற்கு முன் உங்கள் காப்பீட்டு நிறுவனத்திடம் தன்னார்வப் பயணத்துக்கும் காப்பீடு செல்லுமா என்று எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். வழியில் நோயாளிக்கு 38 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் காய்ச்சல் இருப்பது தெரியவந்தால் யாரை அழைக்க வேண்டும் என்று ஒருங்கிணைப்பாளரிடம் கேளுங்கள். கீமோ காலத்தில் அது அவசர நிலை. திரும்பும் பயணம் யார் பொறுப்பு என்பதையும் அப்போதே கேளுங்கள். தெளிவான பதில் தரும் கிளை அருகில் இருந்தால் தயங்காமல் சேருங்கள். தராத கிளையாக இருந்தாலும் சேர்ந்துவிட்டு, பதில் வரும்வரை அதையே கேட்டுக்கொண்டிருங்கள்.